என் கை நடுக்கம் தெரிந்த தங்கையா அண்ணாச்சிக்கு

என் பிரியமான தங்கையா அண்ணாச்சி,

சுகமா இருக்கீங்களான்னு எழுதிட்டு அடிச்சேன். இறந்துபோனவர்கிட்ட சுகம் விசாரிக்கிற பாதிரி உலகத்துலேயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். பழக்கதோஷம். முப்பது வருஷமா எந்த வீட்டுப் படியேறினாலும் முதல்ல அதைத்தானே கேட்டிருக்கேன்?

உங்களை அடக்கம் பண்ணி ஒன்பது மாசம் ஆகுது. நான் நம்ம ஊரை விட்டு வந்து அஞ்சு மாசம். இப்ப ஒரகடத்துல இருக்கேன். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க ஐடிஐ, டிப்ளமோ முடிச்ச கையோட பஸ் ஏறி வர்ற கம்பெனி ஊர். அவங்களுக்கு ஒரு சபை நடத்த யாராவது போறீங்களான்னு போதகர் கூட்டத்துல கேட்டாங்க. எல்லாரும் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் கையைத் தூக்கினேன். இடது கையை. வலது கை பாக்கெட்டுக்குள்ள இருந்தது.

அந்த வலது கையோட சங்கதி உங்க ஒருத்தருக்குத்தானே தெரியும்? பார்க்கின்சன்னு டாக்டர் சொன்னார். தமிழ்ல நடுக்குவாதமாம். கை நடுங்குறது மட்டும்னு நினைச்சேன். இப்ப கால் தேய்க்குது, குரல் உள்ளேயே போகுது, எழுத்து எறும்பு அளவுக்குச் சின்னதாகிப் போச்சு. முகம் சிரிக்க மாட்டேங்குது அண்ணாச்சி. உள்ளே சிரிக்கிறேன், வெளியே வர்றதில்லை. புது போதகர் சிடுமூஞ்சின்னு இங்கே பேர் வாங்கியாச்சு.

மகளுக்குச் சொல்லலை. சொன்னா அன்னைக்கு ராத்திரியே பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. அவ அம்மா இருந்திருந்தா வேற கதை. மருமகன் தங்கமான பையன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒன்பதாவது மாடியில டிவி ரிமோட்டைப் பிடிச்சுக்கிட்டு உட்காரவா நான் இந்த அங்கியைப் போட்டேன்? சபைத் தலைமைக்குச் சொன்னா மருத்துவ ஓய்வுன்னு ஒரு தாளை நீட்டிடுவாங்க. அதுக்குப் பயந்துதான் வாயைத் திறக்கலை. வேற பெரிய காரணம் ஒண்ணும் கிடையாது.

நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு நான் கேட்டதே இல்லை. முப்பத்தஞ்சு வருஷமா நம்ம கோயில்ல மணி அடிச்சு, விளக்கேத்தி, பலிபீடத்துத் துணி மடிச்ச கோயில்பிள்ளை நீங்க. ஒரு திருவிருந்து ஞாயிறு பாத்திரத்துல பாதிதான் திராட்சை ரசம் ஊத்தி வச்சிருந்தீங்க. நான் உங்களைப் பார்த்தேன். "முழுசா ஊத்துனா கனக்கும்லா ஐயா. கொறஞ்சா நான் ஊத்திக்கிடுதேன்"னு சொல்லிட்டு மணி அடிக்கப் போயிட்டீங்க. அதுக்கப்புறம் அதைப் பத்தி நாம ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. ஒவ்வொரு தடவையும் என் வலது பக்கம் வந்து, சபைக்கு என் கை தெரியாதபடி நின்னுக்கிடுவீங்க.

இங்கே அந்தப் பக்கம் காலியா இருக்கு.

வீடுன்னு சொன்னா ஒரு அறை, ஒரு அடுப்படி. சுத்தி முழுக்க ஹாஸ்டல். எல்லா பால்கனியிலயும் ஒரே நிறத்துச் சட்டை காயும். ஷிஃப்ட் மாறுற நேரம் கம்பெனி பஸ் வரிசையா வந்து நிக்கும், ஆயிரம் பேர் இறங்குவாங்க, ஆயிரம் பேர் ஏறுவாங்க. அத்தனை பேர்ல ஒருத்தருக்கும் என் பேர் தெரியாது. ஊர்ல கடைக்குப் போய் தீப்பெட்டி வாங்கிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும், நாலு பேர் நிறுத்திப் பேசுவாங்க. இங்கே நாலு நிமிஷத்துல திரும்பிடுறேன். வந்து என்ன செய்ய? மாத்திரை போட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் சாப்பிடணும். அந்த அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். உங்ககிட்ட சத்தமாப் பேசினதும் உண்டு. பக்கத்து அறைப் பையன் போன்ல பேசுறேன்னு நினைச்சிருப்பான்.

கோயில் ஒரு டூவீலர் மெக்கானிக் கடைக்கு மேல் மாடி. பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு. நைட் ஷிஃப்ட் முடிச்சு அப்படியே ஐடி கார்டோட வந்து உட்காருவாங்க, பிரசங்கம் ஆரம்பிச்சதும் கண்ணு சொக்கும். முன்னெல்லாம் தூங்கினா எனக்குச் சுள்ளுன்னு கோபம் வரும்ல? இப்ப வர்றதில்லை. குரலை இன்னும் தணிச்சுக்கிடுறேன். தணிக்காட்டியும் அது அப்படித்தான் வருது.

நான் வந்த ரெண்டாவது மாசம் முதல் திருவிருந்து வச்சோம். சபைச் செயலாளர் ராபர்ட், நம்ம உடன்குடிப் பக்கத்துப் பிள்ளை, கார் சீட் செய்ற கம்பெனியில சூப்பர்வைசர். "அறுபது பேர் வருவாங்க ஐயா"ன்னார். அறுபது பேருக்கு அப்பமும் ரசமும் பலிபீடத்துல வச்சு ஜெபம் பண்ணிட்டேன். வந்தது பன்னிரண்டு பேர். மீதிப் பேருக்கு சனிக்கிழமை சாயங்காலம் திடீர்னு ஓவர்டைம் போட்டுட்டாங்களாம்.

நம்ம முறை உங்களுக்குத் தெரியும். ஜெபம் பண்ணின ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது, எடுத்து வைக்கவும் கூடாது. மிச்சத்தை குருவானவர்தான் குடிச்சுத் தீர்க்கணும். நான் சபைக்கு முன்னால நின்னு அவ்வளவையும் குடிச்சேன். வெறும் திராட்சைச் சாறு, நானே வீட்டுல காய்ச்சினது. ஆனா ரெண்டு கையும் நடுங்க, பல்லுல பாத்திரம் இடிக்க, வெள்ளை அங்கியில வழிய வழிய, மடக் மடக்னு குடிச்சேன். பாதி பேர் வேற வேற சபையில வளர்ந்தவங்க, மீதிப் பேர் இந்தப் பக்கத்துல புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்க. இந்த வழக்கம் அவங்களுக்கு எங்கே தெரியும்? பின்ன, கால் தேய்க்கத் தேய்க்க, நாக்கு குழறக் குழற, கடைசி ஆசீர்வாதம் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் குணாம்மா வந்தாங்க. குணசுந்தரின்னு பேரு, வல்லம் வடகால் பக்கத்துக்காரங்க, ஒரு பாய்ஸ் ஹாஸ்டல்ல சமையல். கையில தூக்குவாளி. உள்ளே வந்து கதவை ஒருக்களிச்சு வச்சுட்டு நின்னாங்க.

"இன்னா பாஸ்டர், சாப்ட்டீங்களா? நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்க வூட்டுக்காரருக்கும் காலைல இப்டித்தான் கை ஆடும். ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் நிக்கும். வாலாஜாபாத் தாண்டி ஒரு எடம் கீது, அங்கதான் சேத்து வுட்டேன். இப்ப தொடுறதே இல்ல, கம்பெனி கேட்ல செக்யூரிட்டியா கீறாரு. நீங்களும் வுட்டுடலாம் பாஸ்டர். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முகம்தான் சிரிக்காதே. அந்த அம்மா அதை வெட்கம்னு எடுத்துக்கிட்டாங்க.

ஒரு வாக்கியம் போதும் அண்ணாச்சி. 'அம்மா, எனக்கு வியாதி'ன்னு ஒரு வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது. அதுக்குள்ள மூளை கணக்குப் போட்டது. வியாதின்னா ராபர்ட்டுக்குப் போகும், அங்கே இருந்து தலைமைக்குப் போகும். குடிகாரன்னா ஜெபம் பண்ணித் திருத்திடலாம்னு வச்சுக்கிடுவாங்க. வியாதிக்காரனை வச்சு என்ன செய்வாங்க? அதனால, "எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்கம்மா"ன்னு சொன்னேன். பொய் இல்லைதானே? எந்தப் பாதிரியும் எந்த வீட்டுலயும் சொல்ற வார்த்தைதான். இப்படி நழுவுறதுக்கு எங்களை மாதிரி ஆள் யார் இருக்கா?

அதுக்கப்புறம் அந்த அம்மா என்னைப் பார்க்கிறப்பல்லாம் "எப்டி கீது?"ன்னு கண்ணாலயே கேட்பாங்க. நான் தலையாட்டுவேன். இந்த ஊர்ல என்னைப் பத்தி ஒருத்தர் கவலைப்படுறாங்கன்னு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்கூட இருந்தது, ஒளிக்காம சொல்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ராபர்ட் போன் பண்ணினார். "ஐயா, குணாக்கா ஹாஸ்டல் அடுப்படியில மயங்கி விழுந்துட்டாவ. சுகர் எறங்கிட்டு." ஓடினேன்னு எழுத ஆசைதான். ஆஸ்பத்திரிக்குத் தேய்ச்சுத் தேய்ச்சுப் போய்ச் சேர்ந்தேன். அந்த அம்மா கையில ட்ரிப்ஸ் ஏறுது. முன்கையில சாம்பார் கொட்டிக் கொப்புளம். சுகர் மாத்திரை போட்டுக்கிட்டு எதுக்கும்மா பட்டினி கிடந்தீங்கன்னு கேட்டேன்.

"உங்களுக்குத்தான் பாஸ்டர். ஏழு வெள்ளி உபவாசம்னு நேந்துகினேன். இது அஞ்சாவது."

அஞ்சு வெள்ளிக்கிழமை. ஹாஸ்டல் முழுக்க ஆம்பிளைங்களுக்கு வடிச்சுக் கொட்டிட்டு, தான் ஒரு வாய் வைக்காம. இல்லாத குடியை நான் விடணும்னு.

அங்கேயே ஸ்டூல்ல உட்கார்ந்து சொன்னேன். பேர், மாத்திரை, எத்தனை வருஷம், ஏன் மறைச்சேன், எல்லாம். அந்த அம்மா மேலே சுத்துற ஃபேனைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க.

"குடிக்கிறவன் பொய் சொல்வான் பாஸ்டர், எனக்குப் பழக்கம். குடிக்காத நீங்க ஏன் சொன்னீங்கோ?"

அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. நான் எழுந்து வந்துட்டேன்.

ரோட்டுல லாரியும் பஸ்ஸும் போய்க்கிட்டே இருக்கு, என்னால கடக்க முடியலை. அந்த ஓரத்துல நின்னுக்கிட்டுத்தான் உங்களை நினைச்சேன். இதை எழுதத்தான் அண்ணாச்சி இவ்வளவு தூரம் சுத்தி வந்தேன்.

போன அசனப் பண்டிகை, ஊரே கூடி ஒரே பந்தியில சாப்பிடுற நம்ம கோயில் திருவிழா. கோயில் நிறைஞ்ச கூட்டம். திருவிருந்துல என் கையில இருந்து பாத்திரம் நழுவி, ஜெபம் பண்ணின ரசம் முழுக்கப் படியில கொட்டி, முழங்கால்ல நின்னவங்க பட்டுச் சேலையெல்லாம் நனைஞ்சது. சாயங்காலம் கமிட்டி கூடிச்சு. எப்படி நடந்ததுன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீங்க எழுந்தீங்க. "எம் முழங்கை பட்டுட்டுய்யா. கண்ணு சரியாத் தெரியல."

உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. நூறு அடி உயரத்துக் கோபுரத்துல புறா முட்டை வச்சிருக்கான்னு சொல்ற கண்ணு. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அவங்க வயசாயிடுச்சுன்னு சொல்லி அன்னைக்கே கோயில் சாவியை வாங்கிக்கிட்டாங்க. தங்கையாவின் கவனக்குறைவுன்னு தீர்மானப் புத்தகத்துல நான்தான் எழுதினேன், என் எறும்பு எழுத்துல. நீங்க வெளியே போறப்ப என் பக்கம் திரும்பி, சரின்னு தலையசைச்சீங்க.

ரெண்டே மாசம். மணி அடிக்கிற நேரத்துக்கு எழுந்து வாசல்ல உட்கார்ந்திருப்பீங்கன்னு எஸ்தர் அக்கா அப்புறம் சொன்னாங்க. ஒரு காலையில எழுந்திருக்கலை. அடக்க ஆராதனை நான்தான் நடத்தினேன். சவப்பெட்டிக்குப் பக்கத்துல நின்னு உங்க உண்மையைப் பத்திப் பேசினேன். என் பொய்யைப் பத்தி மூச்சு விடலை. அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அந்தக் கை நடுங்கினதை துக்கம்னு நினைச்சிருப்பாங்க.

உங்களைக் கொன்னது வயசா, அந்தச் சாவியா? யார்கிட்ட கேட்க?

போன ஞாயிறு இங்கே சபைக்குச் சொல்லிட்டேன், என் வியாதி, உங்க மேல விழவிட்ட பழி, ரெண்டையும். வலது கையைப் பாக்கெட்ல இருந்து எடுத்துக் காட்டினேன். தூங்கிட்டிருந்தவங்களும் முழிச்சுக்கிட்டாங்க. ராபர்ட் கூட்டம் முடிஞ்சதும் வந்து, "தலைமைக்கு நான் எழுத மாட்டேன் ஐயா"ன்னார். வேண்டாம்யா, ஏற்கெனவே ஒருத்தரை எனக்காக மறைக்க வச்சு அழிச்சுட்டேன், நானே எழுதுறேன்னு சொன்னேன். எழுதி அனுப்பியாச்சு. பதில் வரலை. குணாம்மா ஆராதனைக்கு வரலை. அன்னைக்கு அவங்க வச்சுட்டுப் போன தூக்குவாளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஹாஸ்டல் வாட்ச்மேன் வாங்கி வச்சுக்கிட்டார்.

மகளுக்கும் சொல்லிட்டேன், போன்ல அழுதா. டிக்கெட் போடட்டுமான்னு கேட்டா. கொஞ்சம் பொறு, எனக்கு ஊர்ல ஒரு வேலை இருக்குன்னு சொன்னேன்.

அண்ணாச்சி, வர்ற அசனத்துக்கு நான் நம்ம ஊருக்கு வர்றேன். அதுக்குள்ள அங்கியை வாங்கிக்கிட்டாங்கன்னா வேட்டி சட்டையோட வர்றேன். எஸ்தர் அக்காவை முன்வரிசையில உட்கார வச்சு, ரசம் கொட்டின அதே படியில நின்னு, பாத்திரத்தைப் போட்டது தங்கையா இல்லை, நான்னு சொல்லுவேன். குரல் கடைசி வரிசை வரைக்கும் எட்டாது. எட்டாதவங்களுக்காகத்தான் இந்தக் கடிதத்தை நம்ம கோயில் மாத இதழுக்கு அனுப்புறேன். தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, உங்க பேரை அடிச்சு, அந்த இடத்துல என் பேரை எழுதுவேன். கை எவ்வளவு நடுங்கினாலும் எல்லாருக்கும் தெரியுற அளவுக்குப் பெருசா எழுதுவேன்.

உங்க கூடப் பிறக்காத, நான் உங்களுக்குச் செஞ்சது தெரிஞ்சும் நீங்க தலையசைச்சு விட்டுட்டுப் போன,
உங்க தம்பி
ஜெபசிங்