கையுறையைக் கழற்றாதீர்கள்

கப்பலூர்,
தை வெள்ளிக்கிழமை

என் பிரியமுள்ள வீட்டுக்காரருக்கு,

ஜெயக்கொடி எழுதுவது. நானும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். திருவாதவூரில் அறுப்பு முடிந்ததும் உங்கள் அம்மா இங்கே வருகிறார்கள்.

உங்கள் சுரங்க வேலை இடத்துக்குப் போன் போகவே இல்லை. உங்கள் கேம்பிலிருந்து லீவில் வந்த ராம்கி அண்ணன் நாளை லடாக் திரும்புகிறார். அவரிடம் இதைத் தருகிறேன். லே வரைக்கும் விமானமாம். அங்கிருந்து பனி விலகிப் பாதை திறந்தால்தான் மேலே வருவாராம்.

அவர் முதலில், "நல்லாத்தான் இருக்காரு தங்கச்சி" என்றுதான் சொன்னார். காபி குடித்துவிட்டு எழும்போது தாங்காமல் சொல்லிவிட்டார். காற்றிலுள்ள ஈரம் குழாய்க்குள் உறைந்து, பாறை குடையும் மெஷின் நின்றுபோகிறதாம். அந்தக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசரின் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் நீங்கள்தான் திறந்துவிடுகிறீர்களாம். தடித்த கையுறையோடு வால்வு பிடிபடாமல், வெறுங்கையால் திருகித் திருகி வலது கையில் இரண்டு விரல் கறுத்துவிட்டதாம். "வலிக்கலங்குறாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

மறுநாளே எங்கள் கம்பெனியில் கம்ப்ரசர் பார்க்கும் துளசிராம் அண்ணனிடம் ஓடினேன். "நம்ம ஊர்ல மெஷின் சூடாகுறதுதாம்மா கவலை. உறையுறத நான் எங்கிட்டுப் பாத்தேன்?" என்று கையை விரித்தார். பிறகு யோசித்து, மெஷினை நிறுத்திக் காற்றைக் குறைத்ததும், சூடு ஆறுமுன்பே தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார். ஆறவிட்டால் வால்வும் இறுகிவிடுமாம். வால்வைத் திருக, கையுறையோடு பிடிக்கிற மாதிரி நீளமான சாவி ஒன்று செய்து, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றித் தந்தார். "வால்வு சைஸே தெரியாதேம்மா, இது அங்க சேருமா?" என்று அவரே கேட்டார். இருந்தாலும் வாங்கி ராம்கி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்.

லேயில் இருக்கும் உங்கள் ஆபீசுக்கும் பேசினேன். இந்தியில் நிறையச் சொன்னார்கள். எனக்கு விளங்கியது "ரோடு பந்த்" மட்டும்தான். பாதை மூடியிருந்தால் நீங்கள் எந்த டாக்டரிடம் போவீர்கள்? இங்கே வெயிலில் உட்கார்ந்துகொண்டு நான் யாரைப் போய்க் கேட்பேன்?

கறுத்த விரலை நெருப்பில் காட்டாதீர்கள், தேய்க்காதீர்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னார். முதல் வண்டி கிடைத்ததும் இறங்கி வந்துவிடுங்கள். வேலை போனால் போகட்டும்.

மீனாட்சி உங்களைக் காப்பாற்றட்டும். பதிலை வேறு யாரிடமும் சொல்லி எழுத வேண்டாம். கோணலாக இருந்தாலும் சரி, ஒரே வரி, உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

உங்கள்,
ஜெயக்கொடி