நாலு பேருக்கும் ஒரே மார்க்

கொட்டாரம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

அன்புத் தங்கை சத்தியபாய்க்கு அண்ணன் செல்வதாஸ் எழுதிக்கொள்வது. குவைத்து வெயிலில் உன் உடம்பையும், வார்டில் நிற்கும்போது உன் மனதையும் ஆண்டவர் தாங்குவாராக.

ஃபோனில் பேசினால் நீ அழுகிறாய், நான் சத்தம் போடுகிறேன், உன் மதினி ராகேல் ஃபோனைப் பிடுங்கி வைத்துவிடுகிறாள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முடித்ததும் ஜினிஷாவிடமே இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். ஆகவே உன் மகளுக்குத் தெரியாமல் இதில் ஒரு வரியும் இல்லை.

ராகேலுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. சபையில் அசன விருந்து அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஜினிஷாவுக்கு நீ அனுப்பிய விமான டிக்கெட்டும் வந்துவிட்டது. நாளை மாலை திருவனந்தபுரத்திலிருந்து. நாளைக் காலை பள்ளியில் விசாரணை. "காலையில அந்தப் பிள்ள படியில விழுந்துச்சுன்னு ஜினிஷா சொல்லட்டும், சாயங்காலம் ஏறி வரட்டும்" என்று நீ சொன்னதை ராகேல் என்னிடம் சொன்னாள். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்.

இந்த வருஷம் ஜினிஷா வகுப்புக்கு வந்த இயற்பியல் டீச்சர் ஒரு முறை கொண்டுவந்தார். நாலு நாலு பேராகக் குழு. வாரத் தேர்வைத் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். ஆனால் நாலில் எது குறைந்த மார்க்கோ, அதுதான் நாலு பேருக்கும். நன்றாகப் படிப்பவள் படிக்காதவளைக் கைகொடுத்துத் தூக்குவாள் என்பது கணக்கு. யாருக்கும் அவமானம் ஆகக் கூடாதென்று தனி மார்க்கை வாசிக்க மாட்டார். குழுவின் மார்க்கை மட்டும் வாசிப்பார். தாளை மறுநாள் மடித்துக் கையில் கொடுப்பார். நல்ல மனசோடு செய்ததுதான்.

ஆனால், போன ஆடிக் காற்றில் நம் பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். பேபி தன் வாழைகளை நாலு நாலாகக் கயிற்றால் பிணைத்தான். கம்பு விலை கூடுதல் என்று ஊன்றுகம்பு நடவில்லை. ஒன்று சாய்ந்தது. மற்ற மூன்றையும் குலையோடு இழுத்துக்கொண்டுதான் விழுந்தது. கயிறு மட்டும் அறவில்லை. ஊன்று இல்லாத இடத்தில் கயிறு அதைத்தான் செய்யும்.

ஜினிஷாவின் குழுவில் அவளே தலைவி. கூட அபிதா, ஸ்மைலின், நந்தனா. நந்தனா ஊருக்குக் கீழ்ப்புறம் வயலைக் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்திருக்கிற நாராயணபெருமாளின் மகள். தமிழ்வழியில் படித்துவிட்டுப் பதினொன்றில் ஆங்கிலவழிக்கு வந்தவள். முதல் மாதம் நம் வீட்டில்தான் நால்வரும் கூடிப் படித்தார்கள். ராகேல் ஏத்தம்பழம் பொரித்துக் கொடுப்பாள். அறைக்குள்ளிருந்து ஒரே சிரிப்பாகக் கேட்கும்.

அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று ஜினிஷா இப்போதுதான் சொன்னாள். தப்பான விடைக்கு ஒரு ஸ்கேல் அடி. நந்தனாவே சிரித்துக்கொண்டு கையை நீட்டுவாளாம். பிறகு ஸ்கேல் போதவில்லை. தொடையில் கிள்ளி ரத்தம் கட்டவைத்தார்கள். முதுகில் முழங்கையால் குத்தினார்கள். குத்திய வாரம் அவள் மார்க் இரண்டு கூடிற்று. அதுதான் வினை. அடித்தால் ஏறுகிறது என்று கண்டபின் மூவரும் ஆளுக்கொரு பாடமாக அடிக்கப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவர்கள் செய்ததிலேயே ஒழுங்காகச் செய்த கூட்டு வேலை அதுதான்.

புதன்கிழமை டீச்சர் வாசித்தது, இருபதுக்கு நாலு. அந்த மார்க் பள்ளித் தேர்வுக்குள் சேரும்.

பள்ளி விட்டதும் விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்கு நந்தனாவைக் கூட்டிப்போனார்கள். அபிதா கதவைச் சாத்திச் சாய்ந்து நின்றாள். ஸ்மைலின் பின்னலைப் பிடித்துத் தலையைக் குனியவைத்தாள். உன் மகள் கிரிக்கெட் ஸ்டம்பை எடுத்தாள். முதுகில் அடித்தாள். தடுத்த கையில் அடித்தாள், மணிக்கட்டு ஒடிந்தது. அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள்: "நான் நல்லாத்தான் எழுதினேன் ஏட்டி, அம்மையாண சத்தியம்." அதற்கு ஜினிஷா, "பொய்யும் சொல்லுதியாட்டி?" என்று கேட்டு இன்னும் அடித்தாள். கீழே விழுந்தவளை ஷூ காலால் வயிற்றில் உதைத்தாள். எத்தனை முறை என்று நான் கேட்டேன். "மாமா, நிறுத்தத் தெரியல" என்றாள்.

பிறகு நடந்ததையும் கேள். மூவரும் அவள் முகத்தைக் கழுவி, பின்னலை மறுபடி பின்னிவிட்டு, தோளில் தாங்கி மாடிப்படியின் அடியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். "படியில விழுந்தேன்னு சொல்லுதேன், குரூப்ப விட்டு என்னை மாத்தச் சொல்லாதீங்க" என்றாளாம் நந்தனா. சொல்லிவிட்டு அங்கேயே மயங்கிச் சரிந்தாள்.

நீ நர்ஸ். உனக்கு விளக்க வேண்டாம். மண்ணீரல் கிழிந்து, வயிறு நிறைய ரத்தம். அன்றைக்கே அறுத்தார்கள். படியில் விழுந்தால் இப்படி வரிவரியாகத் தடிக்காது என்று டாக்டர் காவல் நிலையத்துக்கு எழுதிவிட்டார். அதனால்தான் நாளை விசாரணை. மூவரும் ஸ்மைலினின் அப்பா டைட்டஸ் சொல்லிக்கொடுத்தபடி, ஜினிஷா அறைக்கு வரவே இல்லை, யாரும் வரவில்லை, படிதான் என்று சொல்ல வேண்டும். நீயும் அதற்குச் சம்மதித்திருக்கிறாய்.

ஜினிஷா தானாக என்னிடம் வந்து சொல்லவில்லை. வியாழக்கிழமை மதில்மேல் அவளுடைய ஷூக்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. காலில் பெருவிரல் நகம் கறுத்துச் செத்திருந்தது. கல் தடுக்கிற்று என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நாராயணபெருமாள் வெளியே பெஞ்சில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு முழிச்சதும் ஜினி வந்தாளா, ஜினி ஏதாவது சொன்னாளான்னுதான் சாரே கேக்கா. பெத்தவளக்கூடக் கேக்கல. நாலும் அவ்வளவு சினேகிதம்" என்றார். மனிதருக்கு ஒன்றும் தெரியாது, சத்தியபாய். பயத்தைச் சினேகிதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளை டாக்டரிடமும் படி என்றே சொல்லியிருக்கிறாள்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். பிள்ளை சந்தோஷப்படட்டும் என்று டீச்சரே கொண்டுவந்து கொடுத்தாராம். நந்தனாவின் விடைத்தாள். இருபதுக்குப் பதினொன்று. "முத தடவையா பாஸாயிருக்கா சாரே" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து ஜினிஷாவிடம் அந்தப் பதினொன்றைச் சொன்னேன். அவள் தன் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். நாலு. அன்று காலையிலேயே அது அவள் கைக்கு வந்துவிட்டது. தேர்வுக்கு முந்தின நாள் முழுக்க நந்தனாவை அடித்துப் படிக்கவைத்ததில் தன் பாடத்தை அவள் தொடவே இல்லை. குறைந்த மார்க் யாருடையது என்று அந்த அறையில் மூவரில் ஒருத்திக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அதன்பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே வாந்தி எடுத்தாள்.

நேற்று டைட்டஸ் ஆட்களோடு வந்தார். அபிதாவின் அப்பாவும் கூட இருந்தார். "சாரே, நாலு பிள்ளையளும் ஒண்ணா நிக்கட்டும். ஒருத்தி வாயத் தொறந்தா நாலும் நாசம்" என்றார் டைட்டஸ். ஜினிஷா விருப்பப்படி பேசட்டும் என்றேன். "உம்ம மருமவதானவோய் வயித்துல சவுட்டினது? எம் மவ முடியத்தான் பிடிச்சா. உமக்கென்ன நோக்காடு?" என்று என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். கண்ணாடி உடைந்தது. பழையதை மாட்டிக்கொண்டு எழுதுகிறேன், அதனால்தான் கையெழுத்து கோணல்.

இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தவேண்டி வந்தது. ஜன்னலில் கல் விழுந்தது. சில்லு ராகேலின் நெற்றியைக் கிழித்துவிட்டது. பதறாதே, ஆழமில்லை. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியதைக் கண்டு ஜினிஷாதான் அலறினாள். பிறகு அவளே துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மாமியின் பக்கத்தில் இருந்தாள். இப்போதும் இருக்கிறாள். யார் எறிந்தது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

சத்தியபாய், நீ சொல்வது எனக்குப் புரிகிறது. உண்மையைச் சொன்னால் அவளைச் சிறார் நீதிக் குழுமத்தில் நிறுத்துவார்கள். பள்ளியை விட்டு அனுப்பலாம். நீ ராத்திரி பகலாக நின்று சேர்த்த கனவெல்லாம் தள்ளிப்போகும். ஒன்றும் ஆகாது என்று நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் குவைத்துக்கு வந்தாலும் அந்த அறையிலிருந்து அவள் வெளியே வர மாட்டாள். நந்தனா இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள், வயிற்றில் தையலோடு. கயிற்றை யாராவது ஒருத்தி அறுத்தாக வேண்டும். அதைக் கட்டி இறுக்கியவளே அறுப்பதுதான் முறை.

நம் சபைப் பாடகர் குழுவில் சுருதி விட்டுப் பாடுகிறவர் ஒருவர் எப்போதும் உண்டு. நாம் அவர் வாயைப் பொத்தியதில்லை. பக்கத்தில் நிற்கிறவர் கொஞ்சம் உரக்கப் பாடுவார், அவரும் வழிக்கு வந்துவிடுவார். நாளைக்கு ஜினிஷாவுக்கு அப்படிப் பக்கத்தில் நிற்க ஒரு குரல் வேண்டும். என் குரல் போதவில்லை. "சொல்லணும்னுதான் இருக்கு மாமா. ஆனா அம்மை சொன்னாத்தான் சொல்லுவேன்" என்கிறாள்.

ஆகவே ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். நாளைக் காலை அவள் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஃபோன் செய். என்னிடம் பேச வேண்டாம், அவளிடமே கொடுக்கிறேன். டிக்கெட்டைப் பற்றிக் கேட்காதே. டைட்டஸைப் பற்றியும் கேட்காதே. வார்டுக்குள் நுழைந்ததும் நீ எல்லாப் பிள்ளைகளையும் பற்றிக் கேட்பாயே, அதே குரலில், "நந்தனாவுக்கு இப்போ எப்படி இருக்கு மக்கா?" என்று மட்டும் கேள்.

அவள் உடனே பேச மாட்டாள். பேசி முடிக்கும்வரை ஃபோனை வைத்துவிடாதே.

அந்த நாலு பிள்ளைகளையும், அவர்களைப் பெற்றவர்களையும் பெயர் சொல்லி ஜெபித்துக்கொண்டு, உன் அழைப்புக்காகக் காத்திருக்கும்

உன் அண்ணன்,
செல்வதாஸ்.