நனையாத துணி

குருவிட்ட
2025 மே 6

அன்புள்ள ஆதிலா,

போன வாரம் ஒரு நாள் காலையில் எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், நீ அனுப்பிய துணியை வாசல் கொடியில் போட்டு ஒரு ஜக்குத் தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிட்டது. தொட்டுப் பார்த்தால் ஈரமே இல்லை. "காலங்காத்தால என்ன வெளையாட்டு இது?" என்று என் வீட்டுக்காரர் ஃபெக்டரிக்குக் கிளம்பியபடி கேட்டார். இன்னொரு ஜக்கு ஊற்றினேன்.

நீ கடைவீதிப் பிள்ளை, மறந்திருப்பாய். தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுவது படங்கு, மழைக்குத் தலையை மூடுவது கொங்காணி. துணியைப் பத்துப் பேருக்கு அப்படி வெட்டித் தைத்து இன்று மலைக்கு எடுத்துப் போனேன். தோட்டத்து நலன்புரி மிஸ் நான், மூட்டையோடு வந்தால் சத்துமா என்றுதான் நினைப்பார்கள்.

"என்னா துணிங்க மிஸ்?"

"நானோ துணி."

"நானோன்னா யாரு, நானா?" என்று தங்கம்மா கையை நீட்டினாள். "அப்ப எனக்குத்தானே மொதல்ல குடுக்கணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். முதல் துணியை அவளுக்கே கொடுத்தேன். அவளுக்கும் நம் வயதுதான். முழங்கால் வரை நனைந்து நனைந்து விரல் இடுக்கெல்லாம் புண். இந்த மழைக்காலம் அவளுக்கு நன்றாக இருக்கும் என்று நினைக்க எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. எனக்குச் சந்தோஷம் அவ்வளவு சுலபமாக வராது என்பது உனக்குத் தெரியும்.

துணியில் பூசிய துகள் கண்ணுக்குத் தெரியாது என்கிறாயே, அது எப்படித் தண்ணீரைத் தள்ளுகிறது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன்
செல்வி


சிங்கப்பூர்
2025 மே 19

என் செல்விக்கு,

உன் கடிதத்தை ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். தங்கம்மாவின் பகிடி மட்டும் வேறு எந்த மொழிக்கும் வர மறுத்துவிட்டது. இந்தக் காலத்தில் கையால் கடிதமா என்று கேட்கிறார்கள். தமிழில் எழுத எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

ஹபரள இலையை, அந்தக் காட்டுச் சேம்பிலையை, தலையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனோமே, அந்த இலை செய்வதைத்தான் இந்தத் துணியும் செய்கிறது. நூலின் மேல் மணல் இனத்துத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் ஆயிரத்துக்கு மேல் வரிசையாக அடுக்கலாம், அத்தனை சிறியவை. நீர்த்துளி அவற்றின் நுனியில் உட்கார்ந்து அப்படியே வழுக்கிவிடும். நூலைத் தொடுவதே இல்லை. வெயிலுக்குப் பூசும் கிரீம், நாற்றம் வராத காலுறை, விரல் அடையாளம் ஒட்டாத போன் கண்ணாடி எல்லாம் இந்த மாதிரி நானோ வித்தைதான். இனி வரப்போவது இன்னும் பெரிது. காய்ச்சலை முன்கூட்டியே சொல்லும் சட்டை. புற்றுக்கட்டியை மட்டும் தேடிப் போகும் மருந்து. உம்மா இருந்தபோதே அது வந்திருக்கக் கூடாதா?

சவர்க்காரம் போட்டுக் கல்லில் அடிக்க வேண்டாம் என்று சொல்லு. துணி எப்படி இருந்ததென்று ஓகஸ்டுக்குள் நீ ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும். நன்றாக அமைந்தால் பெரிய அளவில் தயாரிப்பார்கள். இல்லாவிட்டால் என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. இந்த வயதில் புதிதாக யார் வேலை தருவார்கள்? இன்ஷா அல்லாஹ், நீ இருக்கிறாய்.

ஆதிலா


குருவிட்ட
2025 ஜூன் 14

அன்புள்ள ஆதிலா,

கல்லில் யாரும் அடிக்கவில்லை. ஆனால் புதுத்துணியாயிற்றே, மூலையில் மஞ்சள் தடவாமல் கட்டுவார்களா? மஞ்சள் ஒட்டாமல் உருண்டது. தங்கம்மா விடவில்லை. "மஞ்சளையே ஏத்துக்காத துணி என்னா துணி?" என்று தேய்த்த தேய்ப்பில் அந்த மூலையில் உன் வித்தை போய்விட்டது. அங்கே மட்டும் நனைகிறது.

இதைச் சிரித்துக்கொண்டு எழுதிவிட்டேன். அடுத்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

மழை பிடித்துவிட்டது. கனமழை என்றால் எடுத்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, அரை நாள் பேர் போட்டு எல்லோரையும் இறக்கிவிடுவதுதான் இங்கே வழக்கம். கூலி பாதிதான், ஆனாலும் உடம்புக்கு ஓய்வு. இப்போது மற்றவர்கள் இறங்குகிறார்கள். நம் பத்துப் பேரிடம் கணக்கப்பிள்ளை, "நனையாத ஆளுக்கு ஏது மழை? நின்னு எடுங்க" என்கிறார். துணியை வீட்டில் ஒளித்துவிட்டுப் பழைய படங்கோடு வந்தவர்களுக்குப் பேரே போடவில்லை, அன்றைக்குக் கூலியே இல்லை.

தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய்ச் சொன்னேன். "மிஸ், நல்ல துணின்னு நீங்கதானே கொண்டு வந்தீங்க?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று தங்கம்மா சொன்னாள்: "எங்களுக்கு லீவு குடுத்தது மழை ஒண்ணுதாங்க மிஸ். அதையும் ஒங்க கூட்டாளி வாங்கிட்டாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இதையும் அறிக்கையில் எழுதலாமென்று இருக்கிறேன்.

செல்வி


சிங்கப்பூர்
2025 ஜூன் 28

செல்வி,

இந்தக் கடிதத்தை யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

மழையில் நிற்கச் சொல்வது துணியா, துரையா? செருப்புப் போட்டிருக்கிறாய் என்று ஒருத்தியை முள்ளில் நடக்கவிட்டால், செருப்புத் தைத்தவன் என்ன செய்வான்? இவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: நனைந்ததா, இல்லையா? துணியைப் பற்றி மட்டும் எழுது. மற்றது தோட்டத்துப் பிரச்சினை, அதைத் தோட்டத்தில் பேசு.

வாப்பாவின் கடை போன பிறகுகூட நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்கிறேன். கோபிக்காதே.

தங்கம்மாவுக்கு என் சலாம். அவளுடைய லீவை நான் வாங்கவில்லை என்று சொல்லு.

ஆதிலா


குருவிட்ட
2025 ஜூலை 12

ஆதிலா,

உன் சலாமைத் தங்கம்மாவிடம் நான் சொல்லவில்லை. கடிதம் வந்த அன்று அவள் மேல்மலையில் இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடியற்காலையிலிருந்தே மழை. பத்து மணிக்கு மற்றவர்களை இறக்கிவிட்டார்கள். நம் ஆட்கள் நின்றார்கள். மதியத்துக்குச் சற்று முன் மேல் மேடு சரிந்து வந்தது. மீதி ஒன்பது பேரும் ஓடித் தப்பினார்கள். தங்கம்மாவின் முதுகில் கூடை நிறையக் கொழுந்து இருந்தது. கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்கள் மண்வெட்டியோடு ஓடி வந்து தோண்டினார்கள். வெளியே எடுக்கச் சாயந்திரம் ஆகிவிட்டது. முகத்தைக் கழுவ வேண்டியிருந்தது. துணியைக் கழுவ வேண்டியிருக்கவில்லை, சேறு தானாக வழிந்துவிட்டது. அவள் மகள் சுஜீதா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இறங்கச் சொல்லியும் கூடுதல் கொழுந்துக்கு ஆசைப்பட்டு அவளே நின்றாள் என்கிறது தோட்டம். துரை வீட்டுக்கே வந்தார். விசாரணையில் நலன்புரி மிஸ்ஸான நானும் அப்படிச் சொன்னால் நல்லதாம். நாங்கள் இருப்பது தோட்டத்து வீடு, என் வீட்டுக்காரருக்கு வேலை தோட்டத்து ஃபெக்டரியில். துரை போனதும் அவர், "செத்தவ எந்திரிச்சு வரப்போறாளா? பேசாம இரு" என்றார். கெட்ட மனிதரல்ல, பயப்படுகிறார். நானும் பயப்படுகிறேன்.

துணியைப் பற்றி மட்டும் எழுது என்றாய். எழுதப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை ஆதிலா. அந்த ஒரு வரியை எழுதத்தான் கை வரவில்லை.

திங்கட்கிழமை இரத்தினபுரியில் மரண விசாரணை. நனையாத துணி கட்டியிருந்ததால்தான் அவர்களை நிறுத்தி வைத்தார்கள் என்று சொல்லப் போகிறேன். கட்டக் கொடுத்தது நான். அனுப்பியது யார் என்று கேட்டால் உன் பெயரையும் நீ வேலை செய்யும் இடத்தையும் சொல்வேன். அங்கே தடுமாறக் கூடாதென்று எல்லாவற்றையும் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு உன் ஒப்பந்தம் என்னவாகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. சுஜீதாவிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட விசாரணை முடிந்த பிறகுதான் தபாலில் போடுவேன். முன்னாலே தெரிந்தால் நீ போன் கோல் எடுப்பாய். உன் குரலைக் கேட்டால் நான் மாறிவிடுவேன்.

செல்வி