கறுப்புச் சேறு

கார்த்திகை, செவ்வாய் இரவு

மணல் அகழ்ந்த குழியில் தண்ணீர் சிவந்து மீன் செத்ததற்குக் காசிம் நானாவின் பெக்கோதான் காரணம் என்று தோட்டவெளிச் சந்தியில் நின்று சத்தம் போட்டேன். குழிக்கரையில் துருப்பிடித்து நிற்கும் அந்த மண் அள்ளும் இயந்திரத்தைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்?

இன்று விவசாயக் கந்தோரில் வேலை செய்யும் மிஸ் வந்து தண்ணீரில் ஒரு மஞ்சள் தாளைத் தோய்த்தார். தாள் சிவந்தது. "கடும் புளிப்பு" என்றவர், கரையில் குவிந்திருந்த கறுப்புச் சேற்றைக் காட்டி, "இதை ஆர் கொத்தினது?" என்று கேட்டார்.

நான்தான். மணலுக்கு அடியிலிருந்து வந்த சேறு அது. உவர்மண்ணைக் கொத்திக் காயவிட்டு மழையில் உப்பைக் கழுவுவது போலவே இதையும் செய்தேன். கத்தரி நடும் ஆசை.

"அதில இரும்பும் கந்தகமும் இருக்கு அக்கா. தண்ணிக்குக் கீழ சும்மா கிடக்கும். காத்துப் பட்டால் அமிலமாகும். மழை அதைக் குழிக்குள்ள இறக்கிப்போடும். புளிப்பை முறிக்கச் சிப்பித் தூள் கலந்து திரும்பத் தண்ணிக்குள்ள தள்ளுங்கோ."

நேரே நானா வீட்டுக்குப் போனேன். "பிழை என்னில நானா."

அவர் கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ தங்கச்சி. சிப்பி அரிப்புக் கடற்கரையில கிடக்கு, ஏத்தி வாறன். பெக்கோவும் இன்னும் ஓடும், சேத்தை அதால தள்ளுவம்."

மாலையில் முற்றத்தில் கிடந்த இரண்டு சிப்பியை இடித்து, அந்தத் தூளை ஒரு தம்ளர் குழித் தண்ணீரில் போட்டு வைத்தேன். மிஸ் தந்த இரண்டு தாள்களில் ஒன்றை இப்போது தோய்த்தேன். சிவக்கவில்லை, மஞ்சள்தான்.

சத்தம் போட்டது சந்தியில். மற்றத் தாளையும் சந்தியில் வைத்துத்தான் தோய்ப்பேன், நானாவைப் பக்கத்தில் நிறுத்தி.