கதையில் பெண்ணைக் கொடுக்கச் சொன்ன என் மச்சானுக்கு

என் பக்கத்துத் தறிக்காரனே, என் தங்கையைச் சிரிக்க வைத்தவனே, மச்சான் தேவராஜ்,

நீ போன பிறகு ஒரு கார்த்திகை வந்து போய்விட்டது. உன் தறி நீ விட்டபடியே கிடக்கிறது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி இல்லை. உன் வசந்தா அதில் உட்கார்ந்து நெய்கிறாள். உன்னைவிட வேகமாகவே நெய்கிறாள், கோபித்துக்கொள்ளாதே. கதைக்காகத் தறியை நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ஆடியோ நாவலை மட்டும் நான் விடவில்லை. போனை அதே ஜன்னல் கம்பியில் செருகி, கதை சொல்கிற அதே அம்மாவின் குரலைப் போட்டுவிட்டுத்தான் தறிக்குழியில் காலை விடுகிறேன். இந்த வாரக் கதாநாயகனுக்கு ஊட்டியில் எஸ்டேட். போன வாரத்தவனுக்கும் ஊட்டிதான். "இன்னா மச்சான், ஊட்டில எஸ்டேட் இல்லாதவன் எவனாவது இருக்கானா இல்லியா?" என்று நீ கேட்பாயே, அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இந்தக் கடிதம் உன் மகள் பவித்ராவுக்காக. அவள் ஒரு பையனை விரும்புகிறாள். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்கிறாள். ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பேசுகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

பையன் பெயர் சதீஷ். சந்தவாசல் பக்கம் ஊர். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து படிக்க வைத்திருக்கிறார். அரசாங்கப் பரீட்சைக்கு ஆரணியில் கோச்சிங் போனாளே பவி, அங்கேதான் பழக்கம். அவன் பாஸ் பண்ணி வெம்பாக்கத்தில் ஆபீஸ் வேலையில் இருக்கிறான். நம் ஜாதி இல்லை. அதுதான் சங்கதி, வேறொன்றும் இல்லை.

ஆளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மச்சான். நாம் கேட்ட கதாநாயகர்கள் எல்லாம் ஆறடிக்குக் குறைந்து இருந்ததுண்டா? இவன் என் தோளுக்குத்தான் வருகிறான். கழுகுப் பார்வையும் இல்லை, கம்பீர நடையும் இல்லை. பழைய பைக்கில் வந்து இறங்கி, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து அதைப் பிழிகிற மாதிரி ஆக்கிவிட்டான். ஆனால் பவி பேசும்போது போனைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்க்கவில்லை, அவள் பேசி முடிக்கிறவரை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நீ இருந்திருந்தால் என் முட்டியில் இடித்திருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனும் அவன் அப்பாவும் வீட்டுக்கு வந்தார்கள். உன் அண்ணன் முனுசாமியை நான்தான் கூப்பிட்டிருந்தேன். பெரியப்பா இல்லாமல் பேசினோம் என்ற சொல் வேண்டாமே என்று. பையன் உள்ளே வந்தான். அவன் அப்பா வாசற்படிக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டார். "உள்ள வாங்க" என்றேன். "இருக்கட்டுங்க, பரவால்லிங்க, காத்து நல்லா வருது" என்றார். காற்றாவது கீற்றாவது, மச்சான். நம் தெருவில் காலை பத்து மணி வெயிலுக்கு நாய்கூட வெளியே நிற்காது.

வசந்தா காபி கலந்து வைத்துவிட்டு எந்த டம்ளரில் ஊற்றுவது என்று ஒரு நிமிடம் தயங்கினாள். பவி அவளைத் தாண்டிக் கையை நீட்டி, உன் பெயர் வெட்டின எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். நீ போன பிறகு யாரும் தொடாத டம்ளர். அதில் ஊற்றி, வாசலுக்குப் போய், அந்தப் பெரியவர் கையில் கொடுத்து, "உள்ள வந்து குந்திகினு குடிங்க" என்றாள். என் நெஞ்சே திக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். உன் அண்ணன் முகம் போன போக்கைச் சொல்லவே வேண்டாம். அந்த மனிதர் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி, உள்ளே வந்து, தறிக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார்.

அவர்கள் போகிறவரை பொறுத்திருந்துவிட்டு உன் அண்ணன் ஆரம்பித்தார். பவியை விட்டுவிட்டு என்னைத்தான் பிடித்தார்.

"எல்லாம் உங்க ரெண்டு பேரால வந்த வினைடா குமரேசா. தறில குந்திகினு பொம்பளைங்க மாதிரி நாளெல்லாம் லவ்வு கதை கேட்டுகினு இருந்தீங்க. ஊடால அந்தப் பொண்ணும் தறிக்கு நூல் தார் சுத்திகினு கேட்டுகினு இருந்துச்சி. பின்ன என்னா கத்துக்கும்? சாமி பாட்டா பாடும்?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! கேட்டவர் உன் அண்ணன் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

நாம் அந்தக் கதைகளை நம்பிக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தோம் என்று இவர்களுக்கெல்லாம் நினைப்பு. முழங்கால்வரை குழிக்குள் விட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு, ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறவன் நிஜமில்லை என்று இன்னொருத்தர் வந்து சொல்லித்தர வேண்டுமா? தெரிந்துதான் கேட்டோம். அவ்வளவு பெரிய பொய்யாக இருந்ததால்தான் கேட்டோம். நம் வீட்டுக் கஷ்டத்தையே இன்னொருத்தர் குரலில் கேட்க யாருக்கு ஆசை இருக்கும்? கதவைத் திறந்தால் கடல் தெரிகிற வீடு, பனி விழுகிற தோட்டம், கோபம் வந்தாலும் அடிக்காத ஆண் பிள்ளை. மத்தியான வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதெல்லாம் எவ்வளவு குளுமையாக இருந்தது!

நீ ஒருமுறை சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "மச்சான், நாம நெய்யுற பொடவைங்க பொட்டில படுத்துகினு பஸ் ஏறிப் பூடுது. எவ கட்டினா, கட்டிகினு எங்க போனா, ஒரு சேதியும் நமக்கு வர்றதில்ல. இந்தக் கதைல வர்றவதான் நம்ம பொடவயக் கட்டிகினு காருலேர்ந்து எறங்குறா." அதிலிருந்து கதையில் மெரூன் பட்டு என்று வந்தாலே "போன மாசம் தறிலேர்ந்து அறுத்தமே, அது" என்பாய். ஷிஃபான் கட்டுகிற கதாநாயகியை உனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவளுக்கு எவ்வளவு கஷ்டம் வந்தாலும் "நல்லா வேணும்" என்பாய்.

இன்னொன்றையும் சொல்கிறேன். காதலர்களைப் பிரித்துவிட்டால் தறியை நிறுத்திவிட்டு, ஒற்றை விரலால் போனைத் தட்டித் தட்டி அந்த அம்மாவுக்கு எழுதுவாய்: "மேடம் ரெண்டு பேரையும் சேத்து வெச்சிடுங்க ப்ளீஸ்." பதிலுக்கு அந்த அம்மா ஒரு சிவப்பு ஹார்ட் போட்டுவிட்டால் அன்று சாயங்காலம் வசந்தாவுக்கு மல்லிப்பூ. முன்பெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவன், "நீ துன்னியா?" என்று அவளைக் கேட்க ஆரம்பித்தது அந்த எஸ்டேட்காரர்களின் கதைகளைக் கேட்ட பிறகுதான். அந்தக் கதைகள் நம்மைக் கெடுத்துவிட்டன என்றால், என் தங்கை பூ வைத்துக்கொண்டு திரிந்தது எந்தக் கணக்கில் சேரும்?

அன்று நான் உன் அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, மாங்கா விட்டுப்போன பொடவ உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. எப்படி இல்லாமல் போகும்? அன்று தெருவே கேட்க நீ போட்ட கூச்சலில் முதலில் ஓடி வந்தவர் அவர்தானே. நீயும் நானும் அடித்துக்கொள்கிறோம் என்று நினைத்து, இடுப்பு வேட்டியைப் பிடித்தபடி வந்து நின்றார். கதையில் ஒரு பணக்கார அப்பன், மகள் விரும்பின டிரைவர் பையனுக்குக் கொடுக்கமாட்டேன் என்று அவளை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டான். அவள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நீ ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி போனைப் பார்த்துக் கத்தினாய்: "டேய், குட்த்துத் தொலைடா பொண்ண! அவ அழுவறது உன் காதுல விழலியா? நீயெல்லாம் ஒரு அப்பனாடா?" கண்ணெல்லாம் தண்ணீர். உன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அந்த ஆவேசத்தில் நெய்த வரிசையில் ஒரு மாங்காய்ப் புட்டாவுக்கு ஜரிகை கோக்க மறந்துவிட்டாய். மற்ற மாங்காய்களெல்லாம் வரிசையாக நிற்க, ஒரு இடம் மட்டும் மொட்டையாக விட்டுப்போனது. நாம் கண்டுபிடிக்கிறதற்குள் அது சுருட்டுக்கட்டையில் சுற்றிப் போய்விட்டது. முதலாளி விரித்துப் பார்த்துவிட்டு, "நீயே உன் பொண்டாட்டிக்குக் குட்த்துக்கோ" என்று திருப்பி அனுப்பினார். அதை நீ மறைக்கவில்லை. வசந்தாவிடமும் பவியிடமும் விரித்துக் காட்டி, "அந்த அப்பன் பண்ண அநியாயத்தால வந்தது" என்று சிரித்தாய்.

இதைச் சொல்லிவிட்டு உன் அண்ணனைப் பார்த்துக் கேட்டேன்: "ஊர் பேர் தெரியாத ஒரு பொண்ணுக்காக முழுப் பொடவைய வுட்டவன், பெத்த பொண்ணுக்கு இன்னா சொல்வான், நீங்களே சொல்லுங்க."

அவர் யோசிக்கவே இல்லை. "அது கதைடா. கதைல எவனும் குடுப்பான். சொந்தப் பொண்ணுன்னா தெரியும் சேதி" என்றார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னது எனக்கும் உறுத்துகிறது. ஊட்டி எஸ்டேட்டில் ஜாதி என்ற பேச்சே வராது. பணக்காரன், ஏழை, அவ்வளவுதான். அந்தப் பெரியவர் நம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற மாதிரி ஒரு காட்சி எந்தக் கதையிலாவது நாம் கேட்டோமா? கேட்டிருந்தால் நீ யார் பக்கம் கத்தியிருப்பாய்? எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்கவும் வழியில்லை. கதை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து எழுந்து போய்விட்டாயே பாவி!

உன் அண்ணன் விடவில்லை. "முறப்படி பாத்தா அவ உன் மருமவ. உன் புள்ள இருக்கறான், கட்டி வெச்சிட்டு ஜல்தியா இந்தப் பேஜார முடிச்சிடு" என்றார். என் மகனிடம் போனில் கேட்டேன், கேட்கவில்லை என்று ஆகக் கூடாதே. "காமெடி பண்ணாத நைனா, பவி அவனத்தான் கட்டும், அந்தாள எனக்கும் தெரியும்" என்று வைத்துவிட்டான். பேச்சு அத்தோடு முடிந்தது.

கடைசியில் உன் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் வரமாட்டேன். நம்ம ஜனம் ஒருத்தரும் வரமாட்டாங்க. முதலாளிக்கு சேதி போச்சின்னா உனக்குப் பாவு வராது. பாத்துக்கோ."

நெய்யப் பாவு நூல் வராவிட்டால் அடுப்பு எரியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வாரம் வரவேண்டிய பாவு இன்னும் வரவில்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனால் ஆரணியில் முதலாளி ஒருத்தர்தானா? என் கை என் கையாகத்தானே இருக்கிறது? இன்னொரு வாசலில் போய்க் கேட்பேன். அங்கேயும் இல்லை என்றால் அரிசி மில்லில் மூட்டை தூக்குவேன். இந்த வயதில் முதுகு பிடிக்கும், பிடிக்கட்டும்.

எல்லோரும் போன பிறகு வசந்தாவைக் கேட்டேன். பவி சுவரோடு சாய்ந்து, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ சொல்லும்மா. அவன் இருந்தா இன்னா சொல்லியிருப்பான்?"

வசந்தா கழுவின டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "மொதல்ல கத்துவாரு. அப்பால போயி அழுவாரு. அப்பால சரின்னுடுவாரு."

பவி அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும்தான். வெட்கமென்ன இதில்?

அதனால் கேட்டுக்கொள். வைகாசியில் கல்யாணம். மண்டபம் இல்லை, மேளம் ஒன்று உண்டு, சாப்பாடு நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு. வருகிறவர் வரட்டும், வராதவருக்கும் நானே நேரில் போய்ப் பத்திரிகை வைப்பேன், உன் அண்ணன் வீட்டுக்கு முதலில். கதவைத் திறக்காவிட்டால் மறுநாளும் போவேன். சந்தவாசல்காரர்கள் வண்டியில் வந்து இறங்கும்போது தெருமுனைக்கே போய்க் கைகூப்பி அழைத்து வருவேன். அந்தப் பெரியவரை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

உன்னைக் கேட்காமல் செய்கிறேன் என்று உனக்குக் கோபம் இருந்தால், நியாயம்தான். நான் அங்கே வந்த பிறகு வேண்டியமட்டும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே கத்துகிறதையும் அழுகிறதையும் உனக்குப் பதிலாக நானே செய்து முடித்துவிட்டேன். மூன்றாவதையும், உன் மகள் தலையில் கை வைத்து, உன் பெயரைச் சொல்லியே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் மச்சான், பவித்ராவின் தாய்மாமன்,
பெண் வீட்டுக்காரன் குமரேசன்