டாலிவர் கவுன்டியின் தலைக்கணக்கு

டாலிவர் கவுன்டி, நெப்ராஸ்கா
ஜூன் 16, 1991

அன்புள்ள ஜெனெலுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அலாஸ்காக் குளிர் உன்னைப் படுத்தாமல் நீயும் சுகமாக இருப்பாய் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி வருகிறது, போகிறது. கோதுமை மணி பிடித்துவிட்டது, ஆலங்கட்டி மழை மட்டும் வராமல் இருக்க வேண்டும். நான்தான் மூன்று வாரமாக வீடு தங்கவில்லை. இங்கே வாரம் இரண்டு நாள் வரும் நர்ஸை நிறுத்தப்போவதாகப் பேச்சு, கவுன்டியில் எத்தனை பேர் இருக்கிறோம், எத்தனை பேருக்கு வயதாகிவிட்டது, வீட்டில் என்ன வசதி என்று கணக்குக் காட்டினால் யோசிப்பார்களாம். அதனால் சர்ச்சுப் பெண்கள் சாலைகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். எனக்கு வடக்குச் சாலை விழுந்தது, உன் பள்ளிக்கூட பஸ் போன அதே சாலை.

அந்த பஸ்ஸில் நீங்கள் இருபத்தாறு பிள்ளைகள், கதவு சாத்தக்கூட இடம் இருக்காது. இப்போது அந்தச் சாலையில் ஆள் இருக்கும் வீடு ஒன்பதுதான். கணக்குத் தாளில் மற்ற வீடுகளுக்கு நேரே 'காலி' என்று எழுதக் கை வரவில்லை ஜெனெல், காரை நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுதினேன். ஆளில்லாமல் கிடக்கும் தூமா வீட்டு மல்பெரி மரம் காய்த்துக் கொட்டுகிறது. முதல் நற்கருணை அன்று வெள்ளைக் கவுனோடு அதில் ஏறி நீ வாங்கிக்கொண்ட கறையும், நான் கொடுத்த அறையும் நினைவுக்கு வந்தன. அறைந்திருக்க வேண்டாம். ஒரு கைப்பிடி பறித்துத் தின்றேன், விரலெல்லாம் இன்னும் ஊதா.

கோஸ்தால் அண்ணன் தம்பியை மறந்திருக்க மாட்டாய். அவர்களுடைய அப்பா செத்ததும் நிலத்தை விற்பதா வேண்டாமா என்று முறைத்துக்கொண்டவர்கள், பதினொரு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே பேசாமல் இருக்கிறார்கள். முன்வாசலில் நின்ற பெரியவர் எர்வினிடம் வீட்டில் எத்தனை பேர் என்றேன். "ஒரு ஆளு. நான்தான். எழுதிக்கோ ஆர்லீன்" என்றார். பின்பக்கம் போனால் சின்னவர் லூமிர் டிராக்டருக்கு அடியில் கிடக்கிறார். "ஒருத்தன்தான். முன்னாடி நிக்குதே, அதை வேணும்னா ஃபர்னிச்சர் கணக்குல சேத்துக்கோ" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சமையலறை ஒன்று, குளியலறை ஒன்று, இதை எப்படி இரண்டு வீடாக எழுதுவது? கடைசிக் கேள்வி, உடம்புக்கு முடியாமல் போனால் நாற்பது மைல் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்கு உங்களை யார் கூட்டிப்போவார் என்பது. லூமிர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஜனவரியில நெஞ்சு அடைச்சப்ப அவன்தான் கொண்டுபோனான். ஒரே பனி, ரோடே தெரியல. நாப்பது மைலும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கல" என்றார். நான் திரும்பி வந்து எர்வினிடம் அதே கேள்வியைக் கேட்டேன். வானத்தைப் பார்த்தார், என் காரைப் பார்த்தார். "அவன்தான். வேற நாதி யாரு?" என்றார். அவர் கண் முன்னாலேயே ஒரு வீடு, இரண்டு பேர் என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று நான் எழுதுவதை எட்டிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "அவனுக்கு ஐம்பத்தெட்டு இல்ல, ஐம்பத்தொன்பது. சரியா எழுது" என்றார்.

நம் வீட்டுத் தாளை அப்பாவே நிரப்பட்டும் என்று மேஜையில் வைத்திருந்தேன். நீ கிளம்பிய அன்று அவர் கோபத்தில் பேசிய பேச்சை நீ மறந்திருக்க மாட்டாய், அவரும் மறக்கவில்லை. நேற்று எடுத்துப் பார்த்தால், வசிப்பவர்கள் மூன்று பேர், மூன்றாவது பெயர் உன்னுடையது. இங்கே தூங்குகிறவர்களை மட்டும்தான் எழுத வேண்டும், பொய்க்கணக்குக் கொடுத்தால் நர்ஸும் போய்விடுவாள் என்றேன். "சரி, அடிச்சுடு" என்றார். அடித்தேன். அதற்குக் கீழே, புழங்கும் படுக்கையறைகள் என்ற இடத்தில் உன் அறையையும் சேர்த்து இரண்டு என்று எழுதியிருந்தார். அதையும் ஒன்றாக்கப் பேனாவைக் கொண்டுபோனேன், என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுல கை வெக்காத. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் போய் ஜன்னலத் தொறந்து விடுறேன், அது புழங்குறதுதான்" என்றார். எனக்கே அது தெரியாது. இரண்டு என்றே கொடுத்துவிட்டேன்.

கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, உறைபனியில் கார் ஓட்டாதே. அப்பா பிறந்தநாளுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால், நான் எடுத்ததும் என்னிடம் பேசிக்கொண்டிருக்காதே, அப்பாவிடம் கொடு என்று கேள்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா ஆர்லீன்