புளிக்கூடையும் நாலாவது இடமும்

12 பிப்ரவரி 1984, ஞாயிறு

இன்றைய மலை ஓட்டத்தில் நாலாவதாக வந்தேன். முதல் மூன்று பேரைத்தான் வேலூர் போட்டிக்கு அழைத்துப் போவார்கள். அடிவாரத்திலிருந்து ஓடி, கடைசி இரண்டு வளைவு பாக்கி இருக்கும்போது நான்தான் இரண்டாவது. இளைப்பு வாங்கியது, ஆனாலும் விடவில்லை.

அந்த வளைவில் என் பெண்டாட்டி பச்சையம்மா புளிக்கூடையோடு நின்றிருந்தாள்.

"இன்னாங்க, இத்த கொஞ்சம் தூக்கி வுட்டுட்டுப் போங்க."

சுமையோடு நிற்கிறவர் கூப்பிட்டால் எங்கள் மலையில் யாரும் தாண்டிப் போவதில்லை. நின்றேன். சும்மாடு சரியில்லை என்று துணியை இரண்டு தடவை பிரித்துச் சுற்றினாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகுதான் கூடைக்குத் தலை கொடுத்தாள். அதற்குள் இரண்டு பேர் என்னைத் தாண்டிவிட்டார்கள்.

சாயந்திரம் அவள் சாமைச் சோறு போடும்போது கேட்டேன்.

"ஓடுறவன நிறுத்தலாமா?"

"இப்ப மூச்சு நல்லா வருதா?" என்றாள்.

சாப்பிட்டு எழுந்தேன்.

படுத்த பிறகுதான் உறைத்தது. எழுந்து எழுதுகிறேன். கூடை தரையில் இல்லை. சுமைதாங்கிக் கல்லின் மேல், அவள் தோள் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து அதைத் தலைக்கு மாற்ற யாருடைய கையும் வேண்டாம். தினமும் தனியாகத்தான் மாற்றுகிறாள்.

விளக்கு எரிவது தெரிந்தும் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், கள்ளி.